ஒரு குழு ஜெயிக்கும்... மீதி 37 குழு?



ஒரு விடுகதை போடட்டுமா? ஓட்டப் பந்தயத்தில் முன்னால் ஓடுகிறவர் தனியாகத் தெரிவார். பரிசு அவருக்கு. பேச்சுப் போட்டியில் கணீரென்று பேசுகிறவர் தனியாகத் தெரிவார். பரிசு அவருக்கு. ஆனால், ஒரே ஒரு போட்டியில் மட்டும், ஒருவருடைய குரல் மற்றவர்களை மீறித் தனியாகக் கேட்டுவிட்டால் மதிப்பெண் குறைந்துவிடும். அது என்ன போட்டி?

சரியாகச் சொன்னீர்கள்... குழுப் பாட்டுப் போட்டி! பத்துப் பேர் பாடினாலும் ஒருவர் பாடுவதுபோல இருக்க வேண்டும். சேர்ந்து பாடும் இந்தக் கலைக்குச் 'சேர்ந்திசை' என்று அழகான பெயர் உண்டு.

பள்ளிப் பிள்ளைகள் இப்படிக் குழுவாகக் கிளம்பி, ஊர்விட்டு ஊர் போய்ப் பாடுவது இப்போது அதிகமாகியிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால், எந்த நல்ல செய்தியையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும் அல்லவா? அதைத்தான் இந்த வாரம் செய்யப்போகிறோம்.

ஏணியில் ஏறும் பாட்டு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 நவம்பரில் 'கலைத் திருவிழா' தொடங்கியது. முதல் ஆண்டில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்கள் கலந்துகொண்டார்கள். பிறகு தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். பாட்டு, வாத்தியம், நடனம், நாடகம், ஓவியம் என்று பலவகைப் போட்டிகள். முதலில் பள்ளி அளவில் போட்டி. அதில் வென்றால் வட்டார அளவு. அதற்கு மேல் மாவட்டம். கடைசியில் மாநிலம். முதல் ஆண்டின் பரிசளிப்பு விழா 2023 ஜனவரி 12-ஆம் தேதி, சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தது.

இதை ஓர் ஏணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடையே கம்மாபுரம் இருக்கிறது. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கம். அதுவே ஓர் ஒன்றியத்தின் தலைமை ஊர். அந்த ஒன்றியத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் பத்துப் பிள்ளைகள் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம்.

வட்டாரப் போட்டி என்றால் பக்கத்து ஊர்தான். போய்விட்டுச் சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். மாவட்டப் போட்டிக்குக் கடலூர் போக வேண்டும் என்றால், வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். விடியற்காலையில் எழுந்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பஸ் பிடிக்க வேண்டும். மாநிலப் போட்டி இன்னும் தொலைவு. முதல்நாளே புறப்பட்டு, வெளியூரில் தங்க வேண்டும். அம்மாவைப் பிரிந்து ஓர் இரவுகூட வெளியில் தங்காத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

இப்போது ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஒரு குழு வீதம் மாநிலப் போட்டிக்கு வந்தால் மொத்தம் 38 குழுக்கள். முதலிடம் ஒன்றுக்குத்தான். அப்படியானால், மீதி 37 குழுக்கள்? இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு வாங்கியவர்களைக் கழித்தாலும் 35 குழுக்கள் வெறுங்கையோடு பஸ் ஏறும். வட்டார அளவிலும் மாவட்ட அளவிலும் திரும்பிய குழுக்களைச் சேர்த்தால் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் இருப்பார்கள்!

ஆகவே, போட்டி நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள, ஜெயித்த குழுவைப் பார்த்துப் பயனில்லை. கோப்பை கையில் இருந்தால் யாரும் சிரிப்பார்கள். திரும்பிப் போகிற 37 குழுக்கள் எதைக் கொண்டு போகின்றன? இதுதான் நம் கேள்வி.

போட்டி இல்லாமலே பாடியவர்கள்

சேர்ந்து பாடுவது நமக்குப் புதிதா? கிடையவே கிடையாது. வயலில் நாற்று நடும்போது ஒரு பெண் பாட்டை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் தாளத்துக்கு ஏற்பக் கைகள் நாற்றை ஊன்றும். முதுகு வலி தெரியாது. கடற்கரையில் வலை இழுப்பவர்களும் அப்படித்தான். 'ஏலேலோ' என்று எல்லோரும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க முடியும். ஆளுக்கு ஒரு நேரம் இழுத்தால் வலை வருமா? கும்மி அடிக்கிறவர்கள், மார்கழி விடியலில் பாடிக்கொண்டு தெருவில் வருகிறவர்கள், தேவாலயத்தில் கூடிப் பாடுகிறவர்கள் என்று எத்தனையோ பேர். இவர்களில் யாருக்கும் நடுவர் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

ஆனால், வேறு ஒரு முறையும் உண்டு. எல்லோரும் ஒரே மெட்டைப் பாடாமல், சிலர் மேல் குரலிலும் சிலர் கீழ்க் குரலிலும் வெவ்வேறு மெட்டுகளை ஒரே நேரத்தில் பாடுவார்கள். அவை ஒன்றோடொன்று இசைந்து ஒலிக்கும். மேலைநாட்டுத் தேவாலயங்களில் வளர்ந்த முறை இது.

இந்த முறையை நம் பாட்டுகளுக்கும் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எம்.பி. சீனிவாசன். திரைப்பட இசையமைப்பாளர். 1970-களில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்றை வளர்த்தார். அதில் இருந்த பலருக்குப் பாட்டு பிழைப்பு அல்ல. வேறு வேறு வேலை பார்த்துக்கொண்டே வந்து பயிற்சி செய்தவர்கள். பாரதியார் பாடல்களோடு வேறு பல இந்திய மொழிப் பாடல்களையும் பாடினார்கள். சீனிவாசன் 1988-ல் லட்சத்தீவில் காலமானார். தனித்தனியே பார்த்தால் சாதாரணக் குரல்கள். அவையெல்லாம் சேர்ந்தால் பெரிய சங்கீதம் என்று அவர் காட்டிவிட்டுப் போனார்.

நடுவர் எதைக் கேட்கிறார்?

குழுப் பாட்டுக்கு நடுவராக உட்கார்ந்திருப்பவர் எதையெல்லாம் கவனிப்பார்? சுருதி சேர்ந்திருக்கிறதா? எல்லோரும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் நிறுத்துகிறார்களா? சொல் தெளிவாகக் கேட்கிறதா? எல்லாக் குரல்களும் பாலும் சர்க்கரையும்போலக் கலந்திருக்கின்றனவா?

இவற்றில் எதையும் ஒருவர் மட்டும் தனியாகச் செய்ய முடியாது என்பதைக் கவனியுங்கள். உங்கள் குரல் பக்கத்தில் நிற்பவரின் குரலோடு சேர வேண்டுமானால், முதலில் நீங்கள் அவர் பாடுவதைக் கேட்க வேண்டும். பாதி வேலை வாய்க்கு. பாதி வேலை காதுக்கு!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுவீடன் நாட்டில் உள்ள கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 18 வயது மாணவர்கள் சிலரைச் சேர்ந்து பாடச்சொல்லி, அவர்களுடைய இதயத் துடிப்பை அளந்தார்கள். 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். சேர்ந்து பாடும்போது அவர்களுடைய இதயத் துடிப்பு ஒரே நேரத்தில் கூடி, ஒரே நேரத்தில் குறைந்ததாம்! மந்திரம் ஒன்றும் இல்லை. பாட்டின் ஒரு வரி முடியும் இடத்தில்தானே எல்லோரும் மூச்சு வாங்குவார்கள்? மூச்சை இழுத்தால் இதயம் சற்று வேகமாகத் துடிக்கும். மூச்சை மெதுவாக விட்டால் துடிப்பும் மெதுவாகும். மூச்சு ஒன்றானது, அதனால் துடிப்பும் ஒன்றானது.

ஆக, 37 குழுக்கள் கொண்டு போகும் முதல் பொருள் தெரிந்துவிட்டது. இன்னொருவர் குரலைக் கேட்டுப் பாடும் பழக்கம்! அதை எந்த நடுவரும் பிடுங்கிக்கொள்ள முடியாது.

கேரளம் கற்ற பாடம்

ஆனால், போட்டி என்று வந்துவிட்டால் வேறு தொல்லைகளும் கூடவே வரும். பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிக் கலோத்சவம் 1957-லேயே தொடங்கிவிட்டது. இன்று ஆயிரக்கணக்கான மாணவர்கள் பல நாட்கள் கூடும் பெரிய திருவிழா அது.

1980-களில் அங்கே ஒரு புதுமை செய்தார்கள். அதிகப் புள்ளி எடுக்கும் மாணவருக்குக் 'கலாபிரதிபா', மாணவிக்குக் 'கலாதிலகம்' என்று பட்டம் கொடுத்தார்கள். விளைவு என்ன? பிள்ளைகளுக்குள் நடந்த போட்டி பெற்றோருக்குள் நடக்கும் போட்டியாக மாறியது. ஆடைக்கும் பயிற்சிக்கும் பணம் கொட்டினார்கள். "என் பிள்ளைக்குக் குறைத்துப் போட்டுவிட்டார்கள்" என்று முறையீடுகள் குவிந்தன. நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். கடைசியில் 2006-ல் அந்தப் பட்டங்களையே நிறுத்திவிட்டார்கள். நன்றாகச் செய்த எல்லோருக்கும் 'ஏ கிரேடு' என்று தரம் கொடுக்கும் முறை வந்தது. முறையீடுகள் அதோடு அடியோடு நின்றுவிடவில்லை. ஆனாலும், ஒரே ஒரு பிள்ளையின் தலையில் கிரீடம் வைக்கும் வழக்கம் போனது.

நம் கலைத் திருவிழாவிலும் 'கலையரசன்', 'கலையரசி' என்ற பட்டங்கள் வைக்கப்பட்டன. ஏழைப் பிள்ளை ஒருவர் மேடையேறிப் பட்டம் வாங்குவதைப் பார்த்தால் கண் நிறையத்தான் செய்யும். ஆனால், சேர்ந்து பாடும் குழுவில் யாருக்குக் கலையரசி பட்டம் கொடுப்பது? கேரளம் ஐம்பது ஆண்டு நடத்திப் பார்த்துக் கற்ற பாடம், நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. எடுத்துக்கொள்ளலாமே!

பல தங்கப் பதக்கங்கள்

உலக அளவில் எப்படிச் செய்கிறார்கள்? 'உலகச் சேர்ந்திசைப் போட்டி' என்று ஒன்று உண்டு. சேர்ந்திசைக்கு ஒலிம்பிக் மாதிரி. 2000-ஆம் ஆண்டு ஆஸ்திரியா நாட்டின் லின்ஸ் நகரில் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டில் நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

அங்கே ஒரு விசேஷம். ஓட்டப் பந்தயத்தில் ஒருவருக்குத்தான் தங்கம். இங்கே அப்படி இல்லை. குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தொட்ட எல்லாக் குழுக்களுக்கும் தங்கப் பதக்கம் உண்டு. அதற்குக் கீழே வெள்ளி, வெண்கலம். ஒவ்வொரு பிரிவிலும் மிக உயர்ந்த இடம் பெறும் குழுவுக்குத் தனியாக வாகையர் பட்டமும் உண்டு. அதாவது, மற்றவரைக் கீழே தள்ளினால்தான் தங்கம் என்றில்லை. உன் தரத்தை நீ எட்டினால் போதும்!

நம் நாட்டிலிருந்து அங்கே போய் வென்ற குழுவும் உண்டு. மேகாலயா மாநிலத்தின் ஷில்லாங் ஊரில், நீல் நோங்கின்ரி என்ற பியானோ கலைஞர் 2001-ல் ஒரு சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். லண்டனில் இசை படித்தவர். சொந்த ஊர் திரும்பி, அங்குள்ள இளைஞர்களைக் கூட்டிச் சேர்த்தார். 2010 ஜூலையில் சீனாவின் ஷாவ்சிங் நகரில் நடந்த உலகப் போட்டிக்குப் போய், மூன்று பிரிவுகளில் தங்கம் வாங்கினார்கள்!

2001-க்கும் 2010-க்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். அத்தனை ஆண்டும் பயிற்சி நடந்துகொண்டே இருந்தது. நீல் நோங்கின்ரி 2022 ஜனவரியில் மறைந்தார். அவர் வளர்த்த குழு அவருக்குப் பிறகும் பாடியது.

பயணம் தரும் பரிசு

"அப்படியானால் போட்டியே வேண்டாமா? ஊரிலேயே பாடினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது பிள்ளைகளே! பயணம் போனால்தான் கிடைக்கும் ஒன்று இருக்கிறது.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லாங்காஃலென் என்று ஒரு சின்ன ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், சண்டை போட்ட நாடுகளைப் பாட்டால் சேர்த்துவைக்கலாம் என்று அந்த ஊர்க்காரர்கள் 1947-ல் ஓர் உலக இசைப் போட்டியைத் தொடங்கினார்கள். 1949-ல் ஜெர்மனியின் லூபெக் நகரிலிருந்து ஒரு குழு வந்தது. பிரிட்டனும் ஜெர்மனியும் எதிரிகளாக நின்று போரிட்டு நான்கே ஆண்டுதான் ஆகியிருந்தது. குண்டு வீச்சில் மக்களை இழந்த குடும்பங்கள் இரண்டு பக்கமும் இருந்தன. 'நம்மைக் கல்லால் அடிப்பார்களோ, கூச்சல் போடுவார்களோ' என்ற பயத்தோடுதான் ஜெர்மனிக் குழு மேடையேறியது. ஆனால், அறிவிப்பாளர் அவர்களை நண்பர்கள் என்று சொல்லி அறிமுகப்படுத்தினார். கூட்டம் கைதட்டி வரவேற்றது!

அதே ஊருக்கு 1955-ல் இத்தாலியின் மோதெனா நகரிலிருந்து ஆண்கள் பாடகர் குழு ஒன்று வந்தது. அதில் ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவரும் 19 வயதான அவருடைய மகனும் இருந்தார்கள். அந்தக் குழுவுக்கு முதல் பரிசு கிடைத்தது. 'நான் பாடகன் ஆவேன்' என்ற துணிவு அந்த மகனுக்கு அங்கேதான் வந்தது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லூச்சியானோ பவரோட்டிதான் அவர். அன்று அவர் தனியாகப் பாடவில்லை. கூட்டத்தில் ஒரு குரல், அவ்வளவுதான்.

கம்மாபுரத்துப் பிள்ளை கடலூருக்கோ சென்னைக்கோ போனாலும் இப்படித்தான். நீலகிரிப் பிள்ளை பாடும் பாட்டை, ராமநாதபுரத்துப் பிள்ளையின் பேச்சை வேறு எங்கே கேட்க முடியும்? ஆனால், இதற்கு ஒரு நிபந்தனை. தங்கள் பாட்டைப் பாடி முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடக் கூடாது. உட்கார்ந்து மற்ற குழுக்களைக் கேட்க வேண்டும். போட்டி நடத்துகிறவர்களும் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். 37 குழுக்கள் கொண்டுபோகும் இரண்டாவது பொருள் இது. புதுப் பாட்டு, புது நண்பர்கள்!

ஊரிலேயே நின்றுவிட்ட பிள்ளை

கடைசியாக ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். குழுவுக்குப் பத்துப் பேர் என்றால், பதினொன்றாவது பிள்ளை என்ன ஆவது? பஸ் புறப்படும்போது கையசைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்புவாரே, அவரைப் பற்றித்தான். அவரும் ஆசைப்பட்டுத்தான் பெயர் கொடுத்திருப்பார்.

அவரைக் குரல் சரியில்லாதவர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால், அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? கிராமத்துப் பள்ளிகள் பலவற்றில் பாட்டுக்கென்று தனி ஆசிரியர் இல்லை. தமிழாசிரியரோ கணக்காசிரியரோ ஆர்வத்தால் சொல்லிக் கொடுப்பதுதான் உண்டு. தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்றவற்றுக்காக 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அது நல்ல தொடக்கம்தான். ஆனால், எல்லாப் பள்ளிக்கும் இசை ஆசிரியர் என்ற நிலை அதனால் வந்துவிடவில்லை.

போட்டி வரும் மாதத்தில் மட்டும் பாடிவிட்டு மற்ற மாதங்களில் வாயை மூடிக்கொண்டால், நன்றாகப் பாடத் தெரிந்த பத்துப் பேரை மட்டும் பொறுக்கி எடுப்பது தவிர வேறு வழி இல்லை. ஆண்டு முழுவதும் வாரத்துக்கு ஒரு பாடவேளை வகுப்பே சேர்ந்து பாடினால்? சுருதி சேராத பிள்ளைக்கும் நாளடைவில் சேரும். அப்புறம் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தாலும், மற்ற முப்பது பேரும் அந்தப் பாட்டைப் பாடத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். குழு கோப்பையோடு வந்தாலும் வெறுங்கையோடு வந்தாலும், மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாற்பது பேரும் சேர்ந்து பாடலாம்.

ஆக, பெரியவர்கள் செய்ய வேண்டியவை மூன்று. பள்ளியில் பாட்டுக்கு ஆளும் நேரமும் வேண்டும். ஒரே குழுவுக்கு மட்டும் கிரீடம் என்பதோடு நிற்காமல், தரத்தை எட்டிய எல்லாக் குழுக்களுக்கும் மரியாதை வேண்டும். போட்டி நாளில் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்க நேரம் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவையும் உண்டு. போட்டிக்குப் போகிறீர்களா? பஸ்ஸில் கத்திக் கூச்சல் போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஐஸை ஒதுக்கிவிட்டு வெந்நீர் குடியுங்கள். முதல்நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள். மேடையில் நிற்கும்போது பக்கத்துக் குரலைக் கேட்டுப் பாடுங்கள். மற்ற குழு நன்றாகப் பாடினால் முதல் கைதட்டல் உங்களுடையதாக இருக்கட்டும். ஊர் திரும்பியதும், கையசைத்து வழியனுப்பிய அந்தப் பதினொன்றாவது பிள்ளைக்கு, வெளியூரில் கேட்ட புதுப் பாட்டு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் பள்ளியில் குழுப் பாட்டுக்கு நீங்களே நடுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முதல் பரிசு கொடுப்பீர்களா, தரத்தை எட்டிய எல்லோருக்கும் கொடுப்பீர்களா? ஏன்? வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து விவாதித்துப் பாருங்கள். விவாதம் முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாட மறந்துவிடாதீர்கள்!